இரண்டாம் தூணருகே இருக்கும் கணினி

அவைக்கு வணக்கம், நடுவருக்கு நன்றி என்று தொடங்கியே பேசிப் பழகியவன் நான். பள்ளி நாளிலிருந்து கல்லூரி முடியும்வரை வேலூர் வட்டாரத்தில் நான் ஏறாத பேச்சு மேடை குறைவு. ஏறித் தோற்ற மேடை அதனினும் குறைவு. இதைத் தன்னடக்கத்தோடு சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது நான் பேசப்போவது மேடைக்காக அன்று. ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் மாடியில், ஏ.சி. ஓயாமல் இரைகிற கணினி அறையில், நான் விட்டுச் செல்லும் நாற்காலியில் உட்காரப் போகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வு பெறுகிற வயதில் எழுத வேண்டியதை இத்தனை சீக்கிரம் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். சில தொழில்களில் முதுமை வயதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

டேட்டாபேஸ் சர்வரை எப்படி நிறுவுவது, எப்படி நகல் எடுத்து வைப்பது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். நான் சொல்ல விரும்புவது பூட்டைப் பற்றி. ஒருவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே வர முயல்கிறார்; சொல் தவறுகிறது; மறுபடி முயல்கிறார்; ஐந்தாம் முறையும் தவறினால் சர்வர் அவர் கணக்கைப் பூட்டிவிடுகிறது. பிறகு அவரே சரியான சொல்லைக் கொடுத்தாலும் கதவு திறக்காது. அப்போது உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் ஒரு வரி கட்டளை எழுதினால் போதும், பூட்டு கழன்றுவிடும். அந்த ஒரு வரியைவிட எளிய வேலை இந்தத் தொழிலில் கிடையாது. ஆகவே அதைவிட ஆபத்தான வேலையும் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நேர்ந்ததை முதலில் கேளுங்கள். கீழே சரக்கு அனுப்பும் பிரிவிலிருந்து போன். கன்டெய்னர் லாரி வாசலில் நிற்கிறது, பெட்டிகளின் விவரத்தை அச்செடுக்க முடியவில்லை, கணக்கு பூட்டிக்கொண்டது. திறந்து விட்டேன். போனை வைப்பதற்குள் மறுபடி பூட்டு. மறுபடி திறந்தேன். மறுபடி பூட்டு. அந்தப் பிரிவின் பொறுப்பாளர் குரல் போனுக்கு வெளியேயே கேட்டது.

“இன்னா சார் உங்க சர்வருக்கு என்மேல அவ்ளோ கடுப்பு? நான் என்ன அதோட பொண்ணக் கேட்டா வந்து நிக்கிறேன்?”

மாடியில் உட்கார்ந்தபடி சர்வரை ஆராய்ந்துகொண்டே இருந்தேன். அதன் நினைவகம், வேகம், இணைப்பு, எல்லாம் சரி. கடைசியில் வேறு வழியின்றிக் கீழே இறங்கிப் போனேன். அவருடைய விசைப்பலகையில் ஓர் எழுத்து உள்ளே அமுங்கி மேலே வரவில்லை. அடிப்பகுதி ஒட்டும் பிரிவில் அன்று ஆள் குறைவென்று அங்கே கைகொடுத்துவிட்டு வந்து, பசை ஒட்டிய விரல்களோடு தட்டச்சு செய்திருக்கிறார். ஒருமுறை தொட்டால் அந்த எழுத்து மூன்று முறை விழுகிறது. கடவுச்சொல்லோ திரையில் புள்ளிகளாகத்தான் தெரியும். புள்ளி கூடியதை யார் எண்ணுவார்?

அன்றே முடிவு செய்தேன். கதவைத் திறப்பதற்கு முன்னால், தட்டுவது யார் என்று இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். இந்த விதியை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை, நானே வகுத்துக்கொண்டேன், அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வத்தோடுதான் எஸ்தர் அக்காவின் விஷயத்துக்குள் நுழைந்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் காலணியின் மேற்பகுதியைத் தைக்கிற ஹால் மிகப் பெரியது. நீள நீளமான வரிசைகளில் பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். ஒவ்வொரு வரிசையும் எத்தனை ஜோடி முடித்தது, அதில் எத்தனை பழுதென்று திரும்பி வந்தது என்பதைக் கணினியில் ஏற்றுவது எஸ்தரின் வேலை. வேலூரைத் தாண்டிக் கணியம்பாடிப் பக்கம் அவர் ஊர். முதலில் தையல்காரியாகச் சேர்ந்து, பிறகு தட்டச்சு கற்றுக்கொண்டு, ஹாலின் இரண்டாம் தூணருகே இருந்த கணினிக்கு மாறியவர். தொழிற்சாலை முழுவதிலும் அவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்கிறவர் இல்லை. விசைகளைப் பார்க்கவே மாட்டார். வரிசையில் இருப்பவர்களோடு வம்பளந்துகொண்டே அடிப்பார்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொலைவிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து சேரும். பக்கத்தில் இருப்பவர்கள் மணியடிக்கும்போது வருவார்கள். ஆகவே ஹாலில் விளக்குப் போடுவது, மின்விசிறி போடுவது, கணினியை உயிர்ப்பிப்பது எல்லாம் முதல் பஸ்காரர்களின் வேலை. எந்த உத்தரவும் அதைச் சொல்லவில்லை. முதலில் வருகிறவர் சுவிட்சைப் போடுகிறார், அவ்வளவுதான். கணியம்பாடி பஸ் முதல் பஸ். எஸ்தர் தம் கணினியைத் தாமே போட்டுவிட்டு, மற்றவர்கள் வரும்வரை டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடுவார்.

ஹாலுக்குப் பொறுப்பு தனசேகர். இன்சார்ஜ் என்று அழைப்போம். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல முடிந்தால் இந்தக் கட்டுரையை எழுதுவது எனக்கு எளிதாக இருந்திருக்கும். மேலே இருந்து வருகிற நெருக்கடியைக் கீழே இறக்கி வைப்பதே தம் பணி என்று நம்பியவர். எஸ்தர் ஏற்றிய எண்களைத் திருத்தும் உரிமை அவர் கணக்குக்கு மட்டும் இருந்தது. ஒருநாள் மூன்றாம் வரிசையின் பழுது எண்ணிக்கை கூடியிருந்ததைப் பார்த்து எஸ்தர் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டுவிட்டார்.

“சார், நான் போட்டது வேற, இப்ப காட்டுறது வேற. ராத்திரில ஜோடி குட்டி போடுதா?”

ஹால் சிரித்தது. தனசேகர் சிரிக்கவில்லை.

அதே வாரத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் தணிக்கைக்காக எங்கள் விதிகள் இறுகின. அனைவரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். ஐந்து முறை தவறினால் பூட்டு. வியாழக்கிழமை மாலை தனசேகரும் மாற்றினார். இங்கே வார விடுமுறை வெள்ளி என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்களுக்கு வாரம் சனிக்கிழமைதான் பிறக்கும். அந்தச் சனிக்கிழமை காலை அவர் வந்து உட்கார்ந்தபோது அவருடைய கணக்கு பூட்டியிருந்தது. திறந்தேன். மறுநாள் காலையும் பூட்டியிருந்தது. அதற்கு மறுநாளும்.

சர்வர் ஒவ்வொரு தோல்வியையும் குறித்து வைக்கும்: எந்தக் கணக்கு, எந்தக் கணினியிலிருந்து, எப்போது. பார்த்தேன். மாடிக்கே ஏறி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார் தனசேகர்.

“எங்கேருந்து சார் வருது?”

“தையல் ஹாலிலிருந்துதான். இரண்டாம் தூணருகே இருக்கும் கணினி.”

நான் சொன்னது ஒரு கணினியின் இருப்பிடத்தை. அவர் காதில் விழுந்தது ஒரு பெண்ணின் பெயர். “இருங்கள், இறங்கி வந்து பார்க்கிறேன்” என்று நான் எழுந்து முடிப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். நான் ஹாலுக்குள் நுழைந்தபோது தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன. அந்த ஹாலில் வேலை நேரத்தில் அமைதி என்பது நான் அதற்கு முன் கேட்டிராத ஒன்று.

“என் பாஸ்வேர்டத் திருடப் பாக்குறியா? காலைல ஆள் இல்லாத நேரத்துல வந்து இந்த வேலதான் பண்றியா?”

எஸ்தர் எழுந்து நின்றார். “இன்னா சார் சொல்றீங்க? எனக்கு எதுக்கு உங்க பாஸ்வேர்டு?”

“எதுக்கா? நம்பர் மாத்தத்தான்! ஆபீஸ்லயே கண்டுபுடிச்சிட்டாங்க. இதோ, இவரே வந்துட்டாரு பாரு!”

என்னைக் காட்டினார். ஹால் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. “நான் அப்படிச் சொல்லவில்லை, கணினியைத்தான் சொன்னேன்” என்றேன். சொன்னேன் என்பதில் ஐயமில்லை. ஆனால் மேடையில் பேசிப் பழகியவனுக்கு ஒன்று தெரியும்: அவை ஒரு வாக்கியத்தைக் கேட்டு முடித்தபிறகு வருகிற திருத்தத்தை யாரும் கேட்பதில்லை.

அன்றே எஸ்தரை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். முதல் பஸ்ஸில் வந்தவர், நடுப்பகலில் பஸ் இல்லாததால், தேசிய நெடுஞ்சாலை வரை நடந்துபோய்ப் பொதுப் பேருந்து ஏறினார்.

மறுநாள் காலை தனசேகரின் கணக்கு பூட்டவில்லை. அதற்கடுத்த நாளும் பூட்டவில்லை.

இதைவிட வலுவான சாட்சியம் யாருக்கு வேண்டும்? பணியாளர் பிரிவு அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மென்மையான மனிதர், யாரிடமும் குரலுயர்த்த மாட்டார்.

“அவ இருந்தா பூட்டுது. இல்லன்னா பூட்டல. இதுக்கு மேல இன்னா சார் வேணும்? சனிக்கிழம விசாரண. நீங்க டெக்னிக்கலா ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்க, முடிச்சிக்கலாம்.”

“ஐந்து முயற்சிகளும் சரிசமமான இடைவெளியில் விழுந்திருக்கின்றன, சார். கோபமாகவோ பயந்தோ முயல்கிற மனிதக் கை அப்படித் தட்டாது.”

“அவதான் ஃபேக்டரியிலயே ஃபாஸ்ட் டைப்பிஸ்டாமே?”

அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. ஒருவரிடம் இருக்கிற திறமையே அவருக்கு எதிரான சாட்சியாக நிற்பதை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். சென்னை அலுவலகத்தில் எங்கள் பிரிவின் மேலாளருக்கும் போன் செய்தேன். அவரும் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, “வீக்கெண்ட்ல யாரும் இல்லாத நேரமா பார்த்து ஆரம்பிச்சிருக்காங்களே” என்றார். சனிக்கிழமை எங்களுக்கு வேலை நாள் என்று விளக்கினேன். “ஓ, அப்படியா” என்றார். ஆனால் அவருக்குள் விழுந்த சந்தேகம் அந்த விளக்கத்தோடு வெளியேறிவிடவில்லை.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? குறிப்பு தெளிவாக இருக்கிறது. கணினி அவருடையது. காரணம் இருக்கிறது, தகராறு ஊரறிந்தது. ஆள் போனதும் தொல்லை நின்றது. அறிக்கையில் பொய் எதுவும் எழுத வேண்டியதில்லை. தெரிந்த உண்மைகளை மட்டும் வரிசையாக எழுதினாலே போதும், ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிந்துவிடும். திருட்டுப் பட்டத்தோடு வெளியேறுகிறவரை இந்த வட்டாரத்தில் வேறெந்தக் காலணித் தொழிற்சாலையும் சேர்த்துக்கொள்ளாது. எழுதி அனுப்ப வேண்டியதில்லை. பஸ்ஸிலேயே செய்தி போய்விடும். வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் எஸ்தருக்கு முன்னால் அவருடைய பெயர் போய்ச் சேர்ந்திருக்கும்.

அவர் போனதும் தொல்லை நின்றது என்பதையே மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோடு சேர்ந்து வேறு எது நின்றது? இந்தக் கேள்வி தோன்றியதும் ஹாலுக்கு இறங்கிப் போனேன். இரண்டாம் தூணருகே நாற்காலி காலி. திரை கறுத்துக் கிடந்தது. வேலையைப் பக்கத்துப் பிரிவின் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இதை யாருமே போடவில்லையா?” என்று மூன்றாம் வரிசைப் பெண் ஒருவரிடம் கேட்டேன்.

“யாரு போடுவா சார்? அக்காதான போடும்.” தைப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

அப்போதே போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் ஹாலில் அத்தனை பேர் இருக்கும்போது போட்டால், யாரோ தொட்டார்கள் என்று ஒரு வாய் சொன்னாலும் வாதம் உடைந்துவிடும். எதிர்த்தரப்பின் வாதத்தை எதிர்த்தரப்புக்கு முன்னால் தானே சொல்லிப் பார்க்கிறவன்தான் நல்ல பேச்சாளன். யாருமே இல்லாத ஹால் எனக்கு வேண்டும். வெள்ளிக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வாட்ச்மேன் பாஷா பாய் ஹாலைத் திறந்துவிட்டார். வெள்ளை ஜிப்பாவில் தயாராக இருந்தார்.

“ஜும்மாவுக்குப் போவணும் சார். ஜாஸ்தி நேரம் ஆவுமா? லீவு நாள்ல வந்து இன்னா பேஜார் புடிச்ச வேல இது?”

“கொஞ்ச நேரம்தான் பாய். நீங்களும் வந்து நில்லுங்கள். நான் எதையும் தொடவில்லை என்று நாளைக்கு நீங்கள் சொல்ல வேண்டும்.”

அவர் என்னைச் சற்று விசித்திரமாகப் பார்த்தார். பிறகு வந்து நின்றார். நான் எஸ்தரின் கணினியின் பொத்தானை மட்டும் அழுத்தினேன். பின்வாங்கி, கைகளைக் கட்டிக்கொண்டேன். என் மடிக்கணினியில் சர்வரின் குறிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத ஹாலில் தோல் வாசனை மட்டும் கனத்திருந்தது. திரை வெளிச்சமானது. விசைப்பலகை அப்படியே கிடந்தது. குறிப்பில் முதல் தோல்வி விழுந்தது. தனசேகரின் கணக்கு. இரண்டாவது. மூன்றாவது. அதே இடைவெளி. நான்கு. ஐந்து. பூட்டு.

“இன்னா சார் ஆச்சு?” என்றார் பாஷா பாய்.

“யாரும் தட்டவில்லை பாய். ஆனால் கதவு பூட்டிக்கொண்டது.”

அண்ணாந்து பார்த்தேன். தூணில் ஓர் இரும்புக் கொக்கியும், அதிலிருந்து தொங்குகிற கேபிளும். முன்பு அங்கே ஒரு டி.வி. இருந்தது, எந்த வரிசை எவ்வளவு முடித்தது என்று ஹாலுக்கே காட்டிக்கொண்டிருக்கும். திரை பழுதானதும் அதைக் கழற்றிவிட்டார்கள். இந்தக் கணினிக்குள்ளிருந்து அதற்கு எண்களை எடுத்துக் கொடுத்த நிரலைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அந்த நிரலை நிறுவியபோது இந்தக் கணினி, இதே தூணருகே, தனசேகரின் மேசையில் இருந்தது. வசதிக்காகத் தம் பெயரையும் கடவுச்சொல்லையுமே அதற்குக் கொடுத்திருக்கிறார். பிறகு அவருக்குக் கண்ணாடி அறை வந்தது. கணினி எஸ்தருக்கு வந்தது. ஒவ்வொரு காலையும் கணினி விழிக்கும்போது அதுவும் விழித்து, தனக்குத் தெரிந்த பழைய சொல்லைச் சொல்லிக் கதவைத் தட்டும், கிடைக்காவிட்டால் அடங்கிவிடும். சொல் மாறியது அதற்குத் தெரியாது. தனசேகரின் பூட்டைத் தட்டிக்கொண்டிருந்தது தனசேகர்தான்.

சனிக்கிழமை விசாரணை அறையில் நான் பேசினேன். என் வாழ்நாளில் ஆகச் சிறந்த பேச்சு அதுதான். இடைவெளிகளை வைத்தேன், காலியான ஹாலை வைத்தேன், பாஷா பாயைச் சாட்சியாக வைத்தேன், பிறகு அவர்கள் கண்முன்னாலேயே அந்தக் கணினியைப் போட்டுக் காட்டினேன். மறுத்துப் பேச ஒரு சொல் மிச்சமில்லை. எஸ்தர் மூலையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தனசேகர் மேசையைப் பார்த்தபடி, “சரி. மெஷின் தப்பு. யார் மேலயும் தப்பு இல்ல” என்றார்.

“அவ்ளோதாம்மா, கிளியர் ஆயிடுச்சு” என்றார் அதிகாரி. “நாளையிலேர்ந்து வந்துடு.”

எஸ்தர் எழவில்லை. “சார், இத ஹால்ல சொல்வாரா?”

“எத?”

“மெஷின் தப்புன்னு இப்ப சொன்னாரே, அத. என்ன ஹால்லதான திருடின்னாரு? அங்கயே நின்னு சொன்னா போதும். மன்னிப்பெல்லாம் வேணாம்.”

தனசேகர் சன்னலைப் பார்த்தார். அதிகாரி மென்மையாகவே பதில் சொன்னார். “இன்சார்ஜ் ஹால்ல நின்னு அப்டி சொன்னா நாளைக்கு அவரு பேச்ச யாரும்மா கேப்பாங்க? டிசிப்ளின்னு ஒண்ணு இருக்குல்ல. நோட்டீஸ் போர்டுல போட்டுடலாம்.”

“என்னத் திட்டுனது நோட்டீஸ் போர்டுலயா சார்?”

நான் பேசினேன். குற்றச்சாட்டு எந்த அவையில் எழுந்ததோ அதே அவையில்தான் தீர்ப்பும் ஒலிக்க வேண்டும் என்று, இப்போது நினைத்தாலும் பிசிறில்லாத வாக்கியங்களில் வாதாடினேன். அதிகாரி தலையசைத்துக்கொண்டே கேட்டார். “நீங்க சொல்றது கரெக்ட்தான் சார்” என்றார். பிறகு அடுத்த கோப்பை எடுத்தார்.

நண்பரே, ஒரு வாதத்தில் முழுமையாக வென்று, எதிரில் இருப்பவர் முழுமையாக ஒப்புக்கொண்டு, அதன் பிறகும் எதுவும் மாறாமலிருப்பதை நான் அதுவரை கண்டதில்லை. மேடையில் நடுவர் மணி அடித்ததும் தோற்றவர் கைகுலுக்குவார். இங்கே மணி அடிக்க யாரும் இல்லை.

எஸ்தரோடு வாசல்வரை நடந்தேன். அதுவரை என்னைச் சாரென்று அழைத்தவர், அங்கே நின்று வேறு விதமாக அழைத்தார்.

“தம்பி, நீங்க நல்லா பேசுனீங்க. எனக்காக லீவு நாள்ல வந்திருக்கீங்க. மறக்க மாட்டேன்.”

“நாளைக்கு வருவீர்கள்தானே அக்கா?”

“வந்து? தெனம் அந்தப் பொட்டியப் போடும்போது நாப்பது பேரு என் கையப் பாப்பாங்க. அத நெனச்சா சோறு எறங்கல.”

“நானே ஹாலில் சொல்கிறேன்.”

அவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

சொன்னேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அன்றே சாப்பாட்டு நேரத்தில் இயந்திரங்கள் ஓய்ந்ததும் தூணருகே நின்று, யாருக்கும் புரிகிற எளிய சொற்களில், நடந்ததை முழுவதும் சொன்னேன். கொக்கியைக் காட்டினேன். கேபிளைக் காட்டினேன். பெண்கள் டப்பாக்களைத் திறக்காமல் கேட்டார்கள். முடித்ததும் மூன்றாம் வரிசையில் ஒருவர், குரலில் எந்தக் கசப்பும் இல்லாமல் கேட்டார்.

“இத அவரு சொல்லலியே சார்?”

எத்தனையோ அவைகளில் எத்தனையோ குறுக்குக் கேள்விகளைச் சந்தித்தவன் நான். அந்த ஒன்றைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி அறையில் தனசேகர் போனில் பேசுவது போல முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

எஸ்தர் வரவில்லை. அவர் எங்கேயும் வேலைக்குச் சேர்ந்ததாக எனக்குத் தகவல் இல்லை. கணியம்பாடியில் பிறர் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பறிக்கப் போகிறார் என்று முதல் பஸ்ஸில் வருகிற ஒருவர் சொன்னார். ஆள் நின்றுவிட்டால் கணக்கை முடக்க வேண்டும் என்பது விதி. அதற்கான உத்தரவு எனக்குத்தான் வந்தது. ஒரு தவறான முயற்சிகூட விழாத கணக்கு அது. அதை என் கையாலேயே பூட்டினேன். ஒரு வரி கட்டளை. பூட்டுகளைத் திறப்பவன் என்று என்னை நானே எண்ணிக்கொண்டிருந்த காலம் அத்துடன் முடிந்தது.

குறிப்பில் இருப்பது கணினியின் பெயர். மனிதரின் பெயர் அன்று. தொல்லை நின்றால், ஆளோடு சேர்ந்து வேறென்ன நின்றதென்று பாருங்கள். கண்டதை முதலில் யாரிடம், எந்த இடத்தில் சொல்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். அதற்குமேல் அது உங்கள் சொல்லாக இருக்காது. இவையெல்லாம் நான் கற்றவைதான். ஆனால் இவற்றுள் எதுவும் எஸ்தரை அந்த நாற்காலியில் மறுபடி உட்கார வைக்கவில்லை. ஆகவே பாடம் என்ற பெயரில் இவற்றை உங்களுக்கு விற்க எனக்கு மனமில்லை.

ஒரே ஒரு வேலையை மட்டும் ஒப்படைத்துப் போகிறேன். அந்த நிரலை விசாரணை முடிந்த அன்றே அழித்துவிட்டேன். கணினியில் இப்போது எந்தக் கோளாறும் இல்லை. புதிதாக ஒரு பெண் அதில் வேலை செய்கிறார். ஆனால் விசாரணைக்கு மறுநாள் காலை நான் ஹாலுக்குப் போனபோது விளக்குகள் எரிந்தன; மின்விசிறிகள் சுழன்றன; இரண்டாம் தூணருகே திரை மட்டும் கறுப்பாக இருந்தது. முதல் பஸ்ஸில் வந்த பெண்கள் அதைச் சுற்றிக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“நீங்களே போட்ருங்க சார்” என்றார்கள்.

போட்டேன். மறுநாளும் நின்றார்கள். அதற்கு மறுநாளும். எஸ்தர் போட்ட பொத்தானை இன்றுவரை அவர்களில் யாரும் தொடவில்லை; கூடிப் பேசி முடிவெடுத்ததாகவும் தெரியவில்லை. தனசேகர் ஒருமுறை தாமே வந்து போட முயன்றார்; பெண்கள் நகர்ந்து வழிவிட்டுவிட்டு, அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் வரவில்லை.

உங்கள் பணிகள் எவையென்று சென்னையிலிருந்து எழுதி அனுப்புவார்கள். அதில் இது இருக்காது. காலையில் வந்ததும், மாடி ஏறுவதற்கு முன்னால், தையல் ஹாலுக்குப் போங்கள். அங்கே உங்களுக்காகக் காத்திருப்பார்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். நான் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். பொத்தானை அழுத்துங்கள். திரை வெளிச்சமாகும்வரை அவர்களோடு நில்லுங்கள்.